மூன்று கட்சிகளின் காடும் என் ஒரு வாயும்

அடுத்தவர் வாக்குறுதியை நம் வாயால் கொடுப்பதுதான் மேடை மொழிபெயர்ப்பாளனின் தொழில். அரசாங்கக் கந்தோரிலோ ஆஸ்பத்திரியிலோ பொலிஸிலோ யாருக்காகவாவது பேசிக்கொடுத்து, பிறகு அந்தப் பேச்சுக்கே பொறுப்பாளியாக மாட்டிக்கொண்ட அன்பர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சிங்களத்தை பஸ் பலகையிலும் பழைய பத்திரிகையிலும் பார்த்துப் பழகினேன். மாத்தளைப் பக்கம் தேர்தல் வந்தால், சிங்களத்தில் பேசும் வேட்பாளர்களைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போகிறவர்கள் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். எந்தக் கட்சி என்று நான் பார்ப்பதில்லை. வேறு ஆள் கிடைக்காததால் அவர்களும் என்னைக் கேட்பதில்லை. நான் முதன்முதல் மைக் பிடித்ததை என் மனைவி கூட்டத்தில் நின்று பார்த்தாள். அப்போது அவள் உயிரோடு இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: “சோத்துல உப்பு பத்தலன்னுகூட வாயத் தொறந்து சொல்லாத மனுசன், ஊருக்கே ரோடு போட்டுத் தாரேன்னு கத்துறீங்களே!”

கல்லைப் பிடுங்கிய கூட்டம்

போன தேர்தலில் எல்லா மேடையிலும் காடுதான் பேச்சு. ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஒரு தோட்டம். அதன் மேற்பகுதித் தேயிலையைக் கம்பனி கைவிட்டு வருடங்களாகிவிட்டன. தேயிலை மரமாக வளர்ந்து, காடும் கீழே இறங்கி வந்துவிட்டது. அந்த இடத்தில் பாக்கியம் என்ற பெண், நின்ற முள்முருங்கை மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தாள். தோட்டத்தில் அவளுக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று நாள் வேலைதான். மிச்ச நாளுக்கு அந்த மிளகுதான் சோறு. கொடி நன்றாகக் காய்க்கத் தொடங்கிய வருடம் பார்த்து, வன இலாகாவிலிருந்து அளந்துகொண்டு வந்தவர்கள் அவளுடைய மிளகுக்குக் கீழே எல்லைக் கல்லை நட்டுவிட்டார்கள். அதாவது மிளகு இனிமேல் காட்டுக்குள். காட்டுக்குள் போய்ப் பறிக்கலாமா கூடாதா என்பதை, தேர்தல் முடிந்து வரும் அரசாங்கம்தான் சொல்லும் என்றார்கள்.

முதலில் வந்த கட்சியின் வேட்பாளர், தோட்ட மைதானத்தில் கையை ஓங்கி, ஆட்சிக்கு வந்ததும் அந்தக் கல்லைப் பிடுங்கி எறிவோம் என்றார். நானும் கையை ஓங்கிச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் பாக்கியம் வேட்பாளர் பக்கமே திரும்பாமல் நேரே என்னிடம் வந்து, எந்த மாதம் பிடுங்குவீர்கள் என்று கேட்டாள். அதைச் சொன்னவர் அவர், நான் இல்லை என்றேன். “அவரு என்ன சொன்னாருன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்? நான் கேட்டது ஒங்க வாயால. வாக்குக் குடுத்தது நீங்கதான்.”

அதே மைதானம், வேறு கொடி

அடுத்த கிழமை இரண்டாவது கட்சி வந்தது. வேட்பாளர் படித்த மனிதர், சத்தம் போடாமல் பேசினார். காட்டில் ஓர் அங்குலமும் விடமாட்டோம், கல் நட்ட இடத்தில் கல் நிற்கும், தேவைப்பட்டால் இன்னும் கீழேயும் நடுவோம் என்றார். மேலே மரம் போனால் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பீலியில் ஊற்றுத் தண்ணீர் நின்றுவிடும் என்றும் சொன்னார். அதில் பொய் இல்லை. வெயில் காலத்தில் அந்தப் பீலி எப்படிச் சொட்டுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நான் அவரைப் போலவே சத்தம் போடாமல் மொழிபெயர்த்தேன்.

பாக்கியம் முன்வரிசையில் இருந்தாள். நான் மேடையை விட்டு இறங்குவதற்குள் எழுந்துவிட்டாள். “தண்ணி எங்களுக்கும்தான் வேணும். நான் ஒரு மரத்த வெட்டினேனா? மரத்துல கொடிதானே ஏத்துனேன்?” என்று கேட்டாள். அதை நான் சிங்களத்தில் சொன்னபோது வேட்பாளர் தலையாட்டிச் சிரித்துவிட்டு வண்டியில் ஏறிவிட்டார். கூட்டம் என்னைச் சுற்றி நின்றது. பாக்கியம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: “போன கெழம கல்லப் புடுங்கினீங்க, இந்தக் கெழம நடுறீங்க. மொதல்ல நீங்க என்ன கட்சின்னு ஒரு முடிவுக்கு வாங்கண்ணே!”

யானைக்கும் சொல்லுங்கள்

அன்று பின்னேரமே அதே வேட்பாளர் லக்கலப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போனார். அங்கே எல்லோரும் சிங்கள விவசாயிகள், எனக்கு வேலை இல்லை. பஸ்ஸும் கிடையாது என்பதால் வண்டியிலேயே இருந்து கேட்டேன். காலையில் ஓர் அங்குலமும் விடாதவர், அங்கே காட்டை வெட்டிச் செய்யும் சேனைப் பயிருக்குக் காட்டு ஓரம் கொஞ்சம் விடலாம் என்றார். யானைகள் காட்டுக்குள்ளேயே இருக்கும், ஊருக்குள் இறங்காது என்றும் உறுதி சொன்னார்.

ஒரு கிழவர் எழுந்து, முந்தின நாள் யானை மிதித்த தன் வயலைப் பற்றிச் சொன்னார். வேட்பாளர் உறுதியைத் திரும்பவும் சொன்னார். கிழவர் வண்டியில் இருந்த என்னைக் கையால் காட்டி, பக்கத்தில் நின்ற அமைப்பாளரிடம் சிங்களத்தில் கேட்டார்: “அந்த மாத்தயா மொழிபெயர்ப்பவர்தானே? இதை யானைக்கும் ஒருக்கால் சொல்லச் சொல்லுங்கள்.”

கூட்டிச் சொன்னது

மூன்றாவது கட்சி கூட்டம் வைத்தது மாத்தளை டவுனில், மிளகும் ஏலமும் வாங்கும் வியாபாரிகளுக்காக. கண்ணாடி போட்ட வேட்பாளர் காடு, கமம், எல்லை, சமநிலை என்று நிறுத்தாமல் பேசினார். நான் மூன்று முறை வாயைத் திறந்து மூன்று முறையும் மூடிக்கொண்டேன். எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. கடைசியில் அவர் தண்ணீர் குடித்தபோது சொன்னேன்: “காடும் இருக்கும், மிளகும் இருக்கும், எது எங்கே என்று ஒரு குழு போட்டுப் பார்ப்பார்கள்.”

வேட்பாளருக்கு முகம் கறுத்துவிட்டது. இவ்வளவு நேரம் பேசியதற்கு இவ்வளவுதானா என்று மைக்கிலேயே கேட்டார். முன்னால் இருந்த ஹாஜியார் ஒருவர், என்னைவிட மூத்தவர், சபையைப் பார்த்துச் சொன்னார்: “எனக்குச் சிங்களம் விளங்கும். அவர் அவ்வளவும் சொல்லல்ல. தம்பி கூட்டித்தான் சொல்லியிருக்கிறார்.”

பச்சை மிளகு

தேர்தலுக்குச் சில நாள் இருக்கும்போது அறிவிப்பு வண்டியில் அந்தத் தோட்டத்துக்குப் போனேன். லயத்து வாசல் முழுக்கச் சாக்கை விரித்து மிளகு காய்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ஒன்றும் முற்றவில்லை. ஒரு பழம்கூட இல்லை. இப்படிப் பிஞ்சாகப் பறித்தால் காய்ந்த பிறகு பாரம் நிற்காது, வாங்குகிறவன் மூக்கைச் சுளிப்பான்.

பக்கத்து லயத்தார் நடந்ததைச் சொன்னார்கள். பறிக்க ஆள் வேண்டும் என்று பாக்கியம் மூன்று கட்சிக்காரர்களுக்கும் சொல்லி அனுப்பினாளாம். மூன்று கட்சிகளும் பையன்களை அனுப்பின. ஓர் அங்குலமும் விடமாட்டோம் என்ற கட்சிதான் ஏணியும் கொண்டு வந்ததாம். காட்டுக் காவலர் ஒருவர் எல்லைக் கல்லடியில் வந்து நின்றார். மூன்று நிறத் தொப்பியும் ஒரே மரத்தடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, வெயில் கடுமை என்று சொல்லித் திரும்பிப் போய்விட்டார்.

பாக்கியம் மிளகைக் கையால் கிளறிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் நல்ல பாரம் வந்திருக்குமே, பாதிக்குப் பாதி நட்டமில்லையா என்றேன். அவள் நிமிரவில்லை.

“பாதியாவது கையில இருக்குல்ல. ஓட்டு முடியிற வரைக்கும் எல்லாக் கட்சிக்கும் நான் சொந்தக்காரிண்ணே. முடிஞ்ச மறுநாள் காட்டுக்குள்ள பூந்த திருடி. மெளகு முத்துற வரைக்கும் நின்னா, அவுங்களும் முத்திருவாங்க.”

வாக்குச் சாவடியில் சீட்டைப் பிரித்துப் பேனாவைக் கையில் எடுத்தபோது, யாராவது முதலில் சிங்களத்தில் ஏதாவது சொல்லட்டும் என்று கொஞ்ச நேரம் சும்மா நின்றேன் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிச்சம்.