பாதிக் கன்னத்தோடு அனுப்பியவர்

சலூன் முனுசாமி அண்ணன் போய்விட்டார்... விடியற்காலையிலாம். இப்போதுதான் போன் வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் அவர் கை படாத மாப்பிள்ளை கிடையாது. வாய் ஓயாது. ஒரு மீசை திருத்துவதற்குள் மாகறல் கோயில் தேர் எந்த முனையில் சிக்கியது என்பது வரை சொல்லிவிடுவார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது எழுபதுகளில். மாப்பிள்ளை தறி நெய்பவர். புடவை கொடுக்க மெட்ராஸ் போவார், லாட்ஜில் தங்குவார்... மீதியை நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளைக்கு உடம்பு முழுக்கச் சவரம் செய்வது அப்போது வழக்கம். அப்போதுதான் அண்ணன் பார்த்திருக்கிறார். மறைவிடத்தில் கொத்தாக மரு.

அடுத்து முகத்துக்கு வந்தார். ஒரு கன்னத்தை வழித்துவிட்டுக் கத்தியை மடக்கிவிட்டார்.

"இன்னாண்ணே, இந்தப் பக்கம்?"

"பொண்ணாண்ட விஷயத்த சொல்லிட்டு வா. அப்பால வழிக்கிறேன்."

எனக்கு மாமியாராக வரவிருந்தவர் வேறு ஆளைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவர் பாதியில் விட்ட முகத்தில் இன்னொருவர் கத்தி வைக்கமாட்டார். அது தொழில் கட்டுப்பாடு.

வேறு வழியில்லாமல் எங்கள் தோட்டத்து வாசலில் வந்து நின்றார் மாப்பிள்ளை. ஒரு கன்னம் மொழுமொழு, ஒரு கன்னத்தில் காய்ந்த சோப்பு. முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னார்.

பின்னாலேயே அண்ணன். "அது இன்னா நோவுன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா உனக்குத் தெரியாம உன் கழுத்துல தாலி ஏறக்கூடாது."

"அப்போ ஆஸ்பத்திரி மொதல்ல. தாலி அப்பறம்" என்றேன்.

பந்தல் போட்டாகிவிட்டது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நான் அசையவில்லை.

"வைரஸ்மா. சேர்ந்தா ஒட்டிக்கும். சரியாகிற வரைக்கும் வேணாம். அப்பறமும் திரும்பி வரலாம், வந்தா உடனே காட்டுங்க" என்றார் டாக்டர். மருந்து தடவித் தடவி அது உதிர மாதங்கள் ஆயின. காத்திருந்தேன்... கட்டிக்கொண்டேன். அதே ஆளைத்தான்!

அதற்கப்புறம் நாற்காலியில் உட்காருகிற ஒரு வயசுப் பையனையும் அண்ணன் விடவில்லை. "மெட்ராஸ் போய்ட்டு வந்தியே, டாக்டராண்ட காட்னியா?"

"யோவ், முடி வெட்ட வந்தா மானத்த வெட்டுறியே!"

"அதுவும் வளரும்டா. உக்காரு."

வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எம் பேரைப் போடாம எழுது" என்றார். இப்போது சட்டை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும் என்பார்கள். நான் திரும்பப் போவதில்லை. சுடுகாடு வரைக்கும் போவேன். யார் என்ன சொன்னாலும்.

தூக்கிடாதீங்கப்பா... வந்துக்கினே இருக்கோம்.