மேளமில்லாமல் வந்த சாமி

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சின்ன ஊர் எங்களுடையது. திருவிழா பத்து நாள். ராட்டினம், வளையல் கடை, வேஷக்காரர் எல்லாம் வரும். ஒன்பதாம் நாள், விளக்கு வைத்ததும் சாமி வேட்டைக்குப் போகும். போகும்போது மேளம் கிடையாது. மிருகம் விழித்துவிடுமாம். தெருவில் ஒருவரும் பேசக்கூடாது. சாமி அம்பு விட்ட பிறகுதான் வெடி, செண்டை எல்லாம்.

வழியில் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் தீட்டு. சாமி திரும்பிவிடும். மூன்று வருஷம் முன்பு அப்படித் திரும்பியது. சித்திரையில் அம்மை வந்தது. அந்த வீட்டாரை ஊர் கிணற்றில் தண்ணீர் கோர விடவில்லை. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார்கள். பிறகு வரவில்லை.

இந்த வருஷம் என் கொழுந்தன் மனைவி நிறைமாதம். தாய் இல்லாதவள், அதனால் பேறு எங்கள் வீட்டில். முன்னால் பொரிக்கடை, பின்னால் வீடு. சாமி போகும் வழி.

"வெடி போட்டாத்தான் இவன் எந்திரிப்பான் மதினி. அப்பன மாதிரி மடியன்" என்று காலையில் வயிற்றைத் தட்டிச் சிரித்தாள்.

மத்தியானம் வலி கண்டது. கணக்குக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

கோயில் ஆள் வீடு வீடாகக் கேட்டு வந்தார்.

"தீட்டு ஒண்ணும் இல்லியே, அம்மே?"

"ஒண்ணும் இல்ல. சாமி வரட்டும்" என்றாள் என் மாமியார். உள்ளே நான் வலியில் கிடந்தவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்தது. "பிள்ள எறங்கிட்டு. இனி நிக்காது" என்றாள் கொல்லை வழியாகக் கூட்டி வந்த மருத்துவச்சி.

"சாமி கடக்கட்டும். முக்காதேன்னு சொல்லு" என்றாள் மாமியார்.

"எங்கிட்ட சொல்லுதியளே. பிள்ளகிட்ட சொல்லுங்க."

வாசலில் விளக்கு வைத்தேன். தெரு அடங்கியது. திரும்பி வந்து மறுபடி வாயைப் பொத்தினேன். கதவு இடுக்கில் தீவட்டி வெளிச்சம் வந்தது. கால்கள் நடக்கிற சத்தம் மட்டும்.

அப்போது பிறந்தது. ஆண். நீலம் பாரித்திருந்தது. அழவில்லை.

மருத்துவச்சி காலைப் பிடித்துத் தூக்கினாள். உள்ளங்காலில் தட்டக் கை ஓங்கினாள். மாமியார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மருத்துவச்சி என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் செய்யவில்லை. என் கை பெற்றவள் வாய்மேல் இருந்தது.

கால் சத்தம் தேய வெகுநேரம் ஆனது. பிறகுதான் மாமியார் கையை விட்டாள். மருத்துவச்சி தட்டினாள். வாய்க்குள் விரல் விட்டு வழித்தாள். ஊதினாள். மறுபடி தட்டினாள்.

ஊர்க்கோடியில் வெடி போட்டார்கள். செண்டை தொடங்கியது.

"வெடி போட்டாச்சு மதினி. அழுதானா? எனக்குக் கேக்கல."

நான் குழந்தையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

கொல்லையில் தென்னை மூட்டில் புதைத்தோம். மறுநாள் ஆறாட்டுக்கு, நீராடப் போகிற வழியில் சாமி எங்கள் வாசலில் நின்றது. மாமியார் அளக்கிற பறை நிறைய நெல் வைத்துக் கும்பிட்டாள். கணக்கு நாள் வந்தபோது, பிள்ளை செத்துப் பிறந்தது என்று ஊருக்குச் சொன்னாள்.

சித்திரையில் அம்மை வந்தது. எந்த வீட்டுத் தீட்டு என்று ஊர் தேடியது. பெற்றவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னை மதினி என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.