நின்னுபோன தீட்டு திரும்ப வந்தப்போ

எனக்கு மாசத் தீட்டு நின்னு நாலஞ்சு வருஷம் கழிச்சு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில புடவையில கறை. சூடுதான், வேற இன்னான்னு வெந்தயத்த மோரோட முழுங்கினேன். ஆனா தீட்டு தீட்டுதானே, சாமி விளக்கத் தொடக் கூடாதே. வேற வழியில்லாம மருமவள ஏத்தச் சொன்னேன்.

அவ தெக்கத்திப் பொண்ணு. ஒரகடம் கம்பெனியில எம்புள்ளையோட ஒரே லைன்ல வேல செஞ்சு, விரும்பிக் கட்டிக்கினவ. வந்த நாள்லருந்து அந்த விளக்குல அவ கை பட வுட்டதில்ல நான். "என்னைக்கும் இல்லாத திருநாளா இருக்கே அத்தை"ன்னு என்னையே உத்துப் பாத்தா. மூணாம் நாள் தலைக்கு ஊத்திக்கினேன், முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அடுத்த மாசமும் வந்துது. கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நான் வரலன்னதும் அவளுக்குப் புரிஞ்சுபோச்சு. கம்பெனி பஸ்ஸ வுட்டுட்டு, ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்கன்னு ஒத்தக் கால்ல நின்னா.

இவளுக்கு இன்னாத்துக்கு எம்மேல இவ்ளோ அக்கறை? என்னைப் படுக்க வெச்சிட்டு வூட்டுச் சாவிய இடுப்புல சொருகிக்கவா? அப்படித்தான் எனக்கு ஓடிச்சு.

"நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் பாத்துடணும்மா. முக்காவாசிப் பேருக்குப் பெருசா ஒண்ணும் இருக்காது. ஆனா பாக்காம சொல்ல முடியாது"ன்னாங்க டாக்டரம்மா. ஸ்கேன்ல கர்ப்பப்பை உள்சவ்வு தடிச்சிருந்துது. உள்ளேருந்து துளி சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. எங்க தெருவுல ரெண்டு பேருக்குப் பையவே எடுத்தாச்சு. உள்ள போனா எதையாவது எடுக்காம வுட மாட்டாங்கன்னு அந்தம்மாவையும் நான் நம்பல.

ரிசல்ட்டு வந்துது. கேன்சரு. ஆரம்பந்தான், பைய எடுத்துட்டா பொழச்சுக்கலாம்னாங்க. வெளிய வந்ததும் வராண்டாவுலயே மருமவகிட்ட பொரிஞ்சு தள்ளினேன். "நீயும் டாக்டரும் பேசி வெச்சுக்கினீங்களா? எங்கிட்ட இன்னாதான் வேணும் உனக்கு?"

அவ கோவப்படல. "எங்கம்மையும் இப்பிடித்தான் அத்தை. தீட்டு திரும்ப வந்துட்டுன்னு ஒவ்வொரு தடவையும் ஒதுங்கி உக்காந்தா. மூணு நாள் ஆனா குளிச்சிட்டு அடுப்படிக்கு வந்துருவா. நாங்களும் தனியாப் பாய் போட்டுக் குடுத்தோம், சோத்தத் தள்ளி வச்சோம். ஒருத்தருக்கும் சந்தேகமே வரலை."

அவ அம்மா இல்லாத பொண்ணுன்னு எனக்குத் தெரியும். எதுல போனாங்கன்னு அன்னிக்கித்தான் தெரிஞ்சுது. நானே திரும்ப உள்ள போயி, ஆப்பரேஷனுக்கு நாள் சொல்லுங்கம்மான்னேன்.