சீழ் வரக் காத்திருந்த நாட்கள்

மெஷின் சொன்னதை நான் நம்பவில்லை. லேபில் பல வருஷம் குப்பை கொட்டியவனுக்கு வரும் வியாதி இது: எண் பிடிக்கவில்லையென்றால் முதலில் மெஷினைத் திட்டுவோம். புத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே அறைக்கும் கேன்டீனுக்கும் நடுவில் எங்கள் லேப். அன்று காலை காய்ச்சலோடு அட்மிட் ஆன ஒரு பெண்மணியின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. நாலாயிரத்துக்குக் குறையக்கூடாது. கிருமி புகுந்த உடம்பில் பெரும்பாலும் அதைவிட எகிறியிருக்கும்.

ஸ்லைடில் ரத்தத்துளியை மெல்லிசாகத் தீற்றி ஸ்மியர் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். சிவப்பணுக்கள் ஏராளம். கிருமியோடு முதலில் மல்லுக்கட்டுகிற வெள்ளணு நியூட்ரோஃபில். அது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. தேர் நிலைக்கு வந்த மறுநாள் சித்திரை வீதி மாதிரி இருந்தது ஸ்லைடு. அடுத்து சாயத்தைத் திட்டினேன். புது பாட்டிலைத் திறந்து இன்னொரு ஸ்மியர் போட்டேன். அதுவும் வெறிச்.

எங்கள் பெதாலஜிஸ்ட் மேடம் எட்டிப் பார்த்தார். ஸ்லைடை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நகர்த்தினார்.

"சேவியர், சாயத்த விட்டுருங்க. அது ஒழுங்காத்தான் இருக்கு. அங்க ஆளே இல்ல."

வரதன்

அந்தப் பெண்மணி பெயர் கோமளா. ஸ்ரீரங்கம். கணவர் வரதன் கல்யாண சமையல்காரர். சமையல் எடுத்தால் நூறு பேருக்குக் குறைந்து எடுக்கமாட்டாராம். கோமளாவுக்குத் தைராய்டு அதிகம் என்று சமீபத்தில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். எங்கோ சிலருக்கு அந்த மாத்திரை எலும்பு மஜ்ஜையில் நியூட்ரோஃபில் உற்பத்தியை நிறுத்திவிடும். கோமளாவுக்கும் அதுதான் ஆகியிருந்தது. தொண்டையெல்லாம் புண், பேச முடியவில்லை. அரிவாள்மனையில் பட்ட விரல் காயம் ஆறவும் இல்லை, பழுக்கவும் இல்லை.

வரதன் லேப் ஜன்னலுக்கு வந்தபோது ஏறக்குறைய சந்தோஷமாகவே இருந்தார்.

"விரல்ல துளிக்கூட சீழ் இல்ல சார். சுத்தமா இருக்கு. அது நல்லதுதானே?"

சீழ் என்பது கிருமியோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளணுக்களின் குவியல். சண்டைக்குப் போகவே ஆளில்லாத இடத்தில் சீழ் எப்படி வரும்? கிருமிகள் மட்டும் நிம்மதியாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. தப்பித்தவறி ரத்தத்தில் பரவிவிட்டால் கோமளா பிழைப்பது கஷ்டம். இதை எப்படியோ மென்று முழுங்கிச் சொன்னேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வெள்ளணுவுக்குக் கிருமி வந்திருக்குன்னு எப்படித் தெரியும், சார்?"

"நீங்க புளிக்காய்ச்சல் கிளறினா தெருக்கோடில இருக்கறவனுக்கு எப்படித் தெரியுது?"

"வாசனைதான்."

"அதேதாங்க. கிருமி தன்கிட்டேருந்து சில பொருளை உதுத்துக்கிட்டே இருக்கும். வெள்ளணு அதை மோப்பம் பிடிச்சு வரும். காயத்துப் பக்கம் ரத்தக்குழாய்ச் சுவர் பிசுபிசுன்னு ஆயிடும். வெள்ளணு அதுல ஒட்டி, உருண்டு, ஒரு இடுக்கு வழியா நழுவி வெளிய வந்துரும். இதுக்குள்ள ரத்தத்துல இருக்கற சில புரதங்கள் கிருமி மேல போய் ஒட்டிக்கும். கல்யாணத்துல வர்றவங்களுக்குச் சந்தனம் பூசற மாதிரி. அந்த அடையாளத்தப் பார்த்துதான் லபக்குன்னு முழுங்கும்."

"கிருமிக்குச் சந்தனமா!" என்று சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. அதுதான் அவருடைய இன்னொரு கஷ்டம். அவருக்குச் சளி பிடித்திருந்ததால் டாக்டர் அவரை மாடிக்கே விடவில்லை. மச்சினி மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு கூட இருந்தாள். போனில் கோமளாவால் பேசவும் முடியாது. ஒரே கட்டடத்தில் அவள் மாடியில், இவர் கீழே.

காத்திருப்பு

மாத்திரையை நிறுத்தினார்கள். ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். வெள்ளணு வளர ஊசி போட்டார்கள். மிச்சம் காத்திருப்பதுதான். தினமும் காலையில் மாடியிலிருந்து ஒரு ட்யூப் ரத்தம் வரும். அதே நேரத்துக்கு ஜன்னலில் வரதன் வருவார்.

"இன்னிக்கு வெள்ளணுவெல்லாம் வந்துட்டாளா?"

"இன்னும் இல்லீங்க."

"வருவா. சமையலுக்கு ஆள் சொன்னா இப்படித்தான் கடைசி நிமிஷத்துல வருவா." பிறகு கேன்டீன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். காபி வாங்கினால் ஆறவிடுவார்.

திருவானைக்காவலிலிருந்து பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலத்தில் ஜன்னலோரம் கிடைத்தும் நான் ஆற்றைப் பார்க்கவில்லை. அந்த ஸ்லைடில் இல்லாத நியூட்ரோஃபிலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று நான்கு மடலாகக் கிள்ளிவைத்தது போல ஊதா நியூக்ளியஸ், சுற்றிலும் பொடிப்பொடியாகத் துகள். லட்சக்கணக்கில் பார்த்து, எண்ணி, சலித்து, "எப்படா முடியும்" என்று கொட்டாவி விட்ட அதே செல்தான். அதற்காக இப்படி ஏங்குவேன் என்று எவனாவது சொல்லியிருந்தால் அவனுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருப்பேன். இரவு சாப்பிடும்போதும் அதையே பேசியிருக்கிறேன் போல.

"என்னைய ஒருநாள் இப்படித் தேடியிருப்பீங்களா?" என்றாள் என் மனைவி.

ஒருநாள் மோனோசைட் என்ற பெரிய வெள்ளணுக்கள் சில தலைகாட்டின. "இவங்க முன்னாடி வருவாங்க. நியூட்ரோஃபில் பின்னாடியே வரணும்," என்றார் மேடம். "அவர்கிட்ட இப்பவே சொல்லிராதீங்க." நான் சொல்லவில்லை. என் முகம் சொல்லிவிட்டது. அன்று வரதன் காபியைச் சூடாகக் குடித்தார்.

அதற்கப்புறம் மெஷினில் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. ஒரு முற்பகல் மாடியிலிருந்து ரத்தத்தோடு ஒரு பஞ்சுக்குச்சியும் வந்தது. விரல் காயத்திலிருந்து எடுத்தது. நுனியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு.

நான் சாயம் போட்டுப் பார்த்தேன். பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினேன்: "சீழ் வந்துருச்சுங்க! வரதன் சார், சீழ்!"

எக்ஸ்ரேக்குக் காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. வரதன் ஓடிவந்தார். மேடம் என்னைப் பார்த்து, "உள்ள விடுங்க, காமிங்க," என்றார்.

மைக்ராஸ்கோப்பில் கண் வைக்கச் சொல்லித் தந்தேன். ரோஜா நிறத்தில் செல்கள். ஒன்றின் வயிற்றுக்குள் திராட்சைக் கொத்து மாதிரி ஊதாக் கிருமிகள், முழுங்கியபடியே.

"இது... அவளோடதா?"

"அவங்களோடதுதான்."

சளிக்காக அவர் போட்டிருந்த முகமூடி ஏறி ஏறி இறங்கியது. கண்ணை எடுக்காமலே, "நன்னா இருக்கா," என்றார்.

எனக்குப் பின்னால் அன்றைய சாம்பிள் ட்யூப்கள் ரேக் நிறையக் காத்திருந்தன. பார்த்து முடித்ததும் மைக்ராஸ்கோப் விளக்கை அணைப்பது என் பழக்கம். ஸ்விட்ச் வரை போன கையை இழுத்துக்கொண்டேன். லேப் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை மட்டும் சொல்வேன்: நமக்கு அது ஸ்லைடு. கண் வைத்துக் குனிந்திருப்பவர் தானாக நிமிரும்வரை விளக்கு எரியட்டும்.