ஒரு ஆப்ஷன் குறைவாக

எங்கள் வேலையை யாரிடமாவது சொன்னால் முதலில் சிரிப்பார்கள். வாக்கியத்தை மரமாக்குகிற வேலை. செய்தித்தாளில் வந்த ஒரு வாக்கியத்தைத் திரையில் கொண்டுவந்து, வினையை உச்சியில் வைத்து, எந்தச் சொல் எதைச் சார்ந்திருக்கிறதோ அதன் கீழே கோடு இழுத்துத் தொங்கவிட வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க இப்படி ஆயிரக்கணக்கில் மரங்கள் வேண்டுமாம். மூலக்குளத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் நானும் அக்காவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. குருசுக்குப்பத்துக்காரி, என்னைவிட நன்றாக மூத்தவள். இந்த வேலைக்கு முன்பு தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மரம் வரைகிற அந்த மென்பொருளை ஐகானைத் தட்டித் திறந்துவிட முடியாது. கறுப்புத் திரையில் அதன் பெயரை அடித்து, பின்னாலேயே இரட்டைக் கோடு போட்டுப் போட்டு ஆப்ஷன்களைச் சொல்ல வேண்டும். எந்த ஃபைல், எந்த வாக்கியத்திலிருந்து, எந்த எழுத்துரு. எழுத்துருவைச் சொல்ல மறந்தால் கொம்பு தனியாக, எழுத்து தனியாகப் பிய்ந்துகொண்டு நிற்கும். வெளிநாட்டில் யாரோ தங்கள் மொழிக்குச் செய்துகொண்டது, அதற்கு நம் கொம்பும் காலும் எங்கே தெரியப்போகிறது. கடைசியாக ஒரு ஆப்ஷன், கூட்டாளியின் மரத்தை மறைப்பதற்கு. ஒரே வாக்கியத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக்கூடாது என்பது விதி. அந்த ஆப்ஷனை விட்டுவிட்டுத் திறந்தால் மற்றவருடைய மரமும் பக்கத்திலேயே சாம்பல் நிறத்தில் தெரியும்.

எனக்கு இந்த வரி மண்டையில் ஏறவே ஏறாது. தினம் காலையில் அக்காவைத்தான் கேட்பேன். அவள் தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கடகடவென்று ஒப்பிப்பாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் மரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். அன்றைக்குச் சண்டைதான். ‘நேற்று கடற்கரையில் நடந்த கூட்டத்தில் பேசினார்’ என்று ஒரு வாக்கியம் வந்தது.

“இன்னாடி இது, ‘நேற்று’வ கொண்டுபோய் ‘பேசினார்’ல மாட்டி வெச்சிருக்க? கூட்டம் என்னிக்கு நடந்துச்சாம்?”

“கூட்டமும் நேத்துதான், பேச்சும் நேத்துதான். எங்க மாட்டினா இன்னாக்கா?”

“அப்ப உன் தலையில மாட்டிக்க.”

கீழே டயர் கடைக்காரருக்குக் கேட்கிற அளவுக்குக் கத்துவோம். அப்புறம் ஒன்றாகப் போய் டீ குடிப்போம். அந்தச் சண்டைக்காகவே நான் வெள்ளிக்கிழமை லீவு போடமாட்டேன்.

போன வருஷம் மழை ஓய்ந்த சமயத்தில் அக்காவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சு இரண்டு மூன்று சொல்லோடு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தினமும் போனேன். எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஆபீஸ் கதை, பஸ் கதை, என் மாமியாரின் அட்டகாசம் என்று மணிக்கணக்கில் பேசுவேன். அக்கா தலையாட்டுவாள், சரியான இடத்தில் சிரிப்பாள். பேச்சுதான் வரவில்லை, புத்தி அப்படியே இருக்கிறது என்று எல்லோரிடமும் அடித்துச் சொன்னேன்.

கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் வேலைக்கு வருகிறேன் என்று நின்றாள். அவளுக்கு வேறு வருமானம் கிடையாது. அதைவிட, இந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தான் கெட்டிக்காரி என்று அவளுக்கே நம்பிக்கை வரும். எங்கள் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சார் நல்ல மனுஷர்தான். “ஒரு ஃபைல் செஞ்சு பார்க்கட்டும்மா. உங்க மரத்தோட ஒத்துப்போச்சுன்னா தொடரட்டும். இல்லன்னா என்னால மேலிடத்துல பேச முடியாது” என்றார்.

அக்கா வந்து உட்கார்ந்தாள். கட்டளை வரியை நான் அடித்துத் தரலாம் என்று கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். இடது கையால், ஒவ்வொரு விரலாக, அந்த வரியை அவளே அடித்தாள். ஃபைல், வாக்கியம், எழுத்துரு. தமிழ் பிய்யாமல் வந்து நின்றது. போ, இனிமேல் பயமில்லை என்று என் இடத்துக்குப் போய்விட்டேன்.

ஃபைலை முடிக்க அவளுக்குப் பல நாள் பிடித்தது. ஒப்பிட்டுப் பார்க்கிற அன்று சார் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு வித்தியாசம்கூட இல்லை. “பரவாயில்லையே, முழுசா ஒத்துப்போவுதே” என்று அவர் சிரித்தார். நானும் சந்தோஷத்தில் ஒவ்வொரு மரமாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒரு மரத்தில் கை நின்றது. ‘மீன் விலை மிகவும் உயர்ந்தது’ என்ற வாக்கியம். நான் ‘விலை’யைத் தவறுதலாக ‘மிகவும்’ என்பதன் கீழே தொங்கவிட்டிருந்தேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாது. மவுஸ் நழுவியிருக்க வேண்டும். அக்காவின் மரத்திலும் ‘விலை’ அதே இடத்தில் தொங்கியது.

அவ்வளவு நீள வரியில் ஒரே ஒரு ஆப்ஷனை, என் மரத்தை மறைக்கிறதை மட்டும் விட்டிருக்கிறாள். விதியாவது மண்ணாங்கட்டியாவது, வாயைத் திறக்கக்கூடாது என்று அடுத்த மரத்துக்குத் தள்ளினேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சார் பக்கம் திரும்பினாள்.

“பாத்து... போட்டேன்.”

சார் அவள் மேஜைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அவளை என் ஸ்கூட்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் திட்டினேன். உன்னை யார் சொல்லச் சொன்னது, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா, இன்னும் கொஞ்ச நாளில் எல்லாம் தானாக வந்திருக்கும், அதற்குள் என்ன அவசரம் என்று குருசுக்குப்பம் வருகிறவரை நிறுத்தவில்லை. வாசலில் இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மொத சொல்லு... படிக்கறேன். கடேசி சொல்லு வர்றப்ப... மொத சொல்லு போயிடுது.”

“வரும்க்கா. எல்லாம் வரும்.”

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தாள்.

“நீ பேசறதும்... அப்டித்தான்டி.”

“எது? இப்ப வழியில பேசினதா?”

“ஆஸ்பத்திரிலேந்து. நீ சிரிச்சா... சிரிச்சேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. என் கையை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

இப்போதும் வாரத்துக்கொரு முறையாவது போய்ப் பார்க்கிறேன். ‘சாப்ட்டியாக்கா?’ என்கிறேன். ‘சாப்ட்டேன்’ என்கிறாள். அதைவிட நீளமாக நான் எதுவும் சொல்வதில்லை.