வாபஸ் அண்ணனின் பாட்டில்

அந்தப் பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில், அறுத்தெடுத்த சதைத் துண்டுகளை வாங்கிப் பதியும் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவர் வாபஸ் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். பாட்டிலில் எழுதியிருப்பதும் கூட வரும் படிவமும் இம்மி பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார். தலைமை மருத்துவரே கெஞ்சியும் மனுஷன் மசிந்ததில்லை. அதே சமயம், இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவர் துண்டு இன்னொருவர் கணக்கில் போனதும் இல்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

போன வாரம் அவருக்கே கழுத்தின் வலது பக்கம் ஒரு கட்டி. டாக்டர் அதை எடுத்து, புற்றா இல்லையா என்று பார்க்க அனுப்பினார். லீவு போடப் பிடிக்காமல், மறுநாளே கழுத்தில் பேண்டேஜோடு ஜன்னலில் வந்து உட்கார்ந்த அண்ணனிடமே அந்தப் பாட்டில் வந்து சேர்ந்தது. பாட்டிலில் வலது என்றிருந்தது. படிவத்தில் இடது.

பக்கத்து நாற்காலி டெக்னீஷியன் பெண், பேண்டேஜைப் பார்த்தாலே தெரிகிறதே, நாமே திருத்திவிடலாம் என்றாள்.

"கழுத்தையெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா. எழுதின டாக்டர் கையெழுத்து வேணும்."

திருப்பி அனுப்பினால் நோயாளிக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. மேசைப் போனில் படிவத்திலிருந்த எண்ணை அழுத்தினார். அவருடைய சட்டைப் பை அலறியது. எடுத்து மறு காதில் வைத்துக்கொண்டு, தவறு இன்னது என்று சொல்லி, தானே கேட்டு, சரி என்று தானே பதிலும் சொன்னார். பதிவேட்டில் ‘நோயாளி சம்மதித்தார்’ என்று எழுதினார். வரிசையில் நின்றவர்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

டாக்டர் மாலைவரை ஆபரேஷன் தியேட்டரில், அங்கிருந்து அப்படியே மூன்று நாள் லீவில் போகிறார் என்று வார்டில் சொன்னார்கள். அண்ணன் முகம் தெளிந்துவிட்டது. டீ வாங்கிக் குடித்தார், விசில்கூட அடித்தார். அந்த விசில் டெக்னீஷியனுக்குச் சரியாகப் படவில்லை. அண்ணனின் மனைவிக்குப் போன் செய்துவிட்டாள்.

மத்தியானம் வரிசையில் பதினோராவது ஆளாக, திரும்பிப்போன பாட்டிலோடு மனைவி நின்றாள். தியேட்டர் வாசலில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்து, இரண்டு ஆபரேஷனுக்கு நடுவே டாக்டரைப் பிடித்துப் படிவத்தைத் திருத்திக் கையெழுத்து வாங்கியிருந்தாள். அண்ணன் வயதைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார். மூடியைத் திருகிப் பார்த்தார். படிவத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றாள் அவள். "உங்களுக்கு பயமா இருக்கு. அவ்வளவுதான்."

பயம்தான். முத்திரையை எடுத்து மையில் மூன்று முறை ஒற்றினார். எப்படியோ குத்திவிட்டார். பிறகு, எல்லோரிடமும் சொல்கிற வாக்கியம் பழக்கத்தில் தானாக வந்தது.

"அஞ்சு நாள் கழிச்சு வந்து ரிசல்ட் வாங்கிக்கங்க. அடுத்தவங்க வாங்க."

அவள் நகரவில்லை.

"சாயங்காலம் நேரா வீட்டுக்கு வாங்க. அஞ்சு நாளையும் சேந்தே ஓட்டுவோம்."

வாபஸ் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். அதைத் திருப்பி அனுப்ப அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.