தீயணைப்பு நிலையத்தில் நவ்ரூஸ் நெருப்பு

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் பலருக்குத் தேனுஜாவை மூக்குக்கண்ணாடிக் கடையில் வைத்துத்தான் தெரியும். கடை பூட்டிய பிறகு அவள் தன்னார்வத் தீயணைப்புப் படையிலும் வேலை செய்கிறாள் என்பதைத் தமிழ்ச் சனம் நெடுங்காலம் நம்பவில்லை. "பொம்பிளைப்பிள்ளைக்கு ஏன் உந்த வேலை? அதுவும் சம்பளமில்லாமல்!" என்று தாய் சுந்தரேஸ்வரி கோயிலில் காண்பவர்களிடமெல்லாம் குறைப்படுவார்.

ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, பொழுதுபடுகிற நேரத்தில் அழைப்பு வந்தது. மாடிக் குடியிருப்பு ஒன்றின் பின்முற்றத்தில் புகை. வண்டி போய் நின்றபோது அங்கே வீடு எதுவும் எரியவில்லை. சில ஈரானியக் குடும்பங்கள் விறகைச் சிறு குவியல்களாக மூட்டி, பிள்ளைகளைக் கையில் பிடித்தபடி தாண்டிக்கொண்டிருந்தன. அவர்களுடைய புத்தாண்டான நவ்ரூசுக்கு முந்திய கடைசிச் செவ்வாய் அது. என் மஞ்சளை நீ எடு, உன் சிவப்பை எனக்குத் தா என்று நெருப்பிடம் சொல்லித் தாண்டினால், குளிர்காலத்து நோயும் சோர்வும் எரிந்துபோய் உடம்பில் தெம்பு ஏறும் என்பது நம்பிக்கை.

அந்த முற்றத்தில் நெருப்பு மூட்ட அனுமதி இல்லை. அணைக்கச் சொன்னார் குழுத் தலைவர் ஹோல்கர். குழாயைப் பிடித்திருந்தவள் தேனுஜாதான். தண்ணீர் பட்டுத் தணல் சீறியது. ஒரு சிறுமி விம்மி அழுதாள்.

ஃபரீபா என்ற பெண் முன்னால் வந்தாள். சண்டை பிடிக்கவில்லை. கீரையும் பயறும் போட்ட சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றிப் படையினரிடம் நீட்டினாள். "உங்கள் கடமையைச் செய்தீர்கள். நாங்கள் எங்கே போய்த் தாண்டுவது? அதையும் சொல்லுங்கள்."

படையினர் சூப்பை மட்டும் குடித்தார்கள்.

நவ்ரூஸ் அன்று தேனுஜா ஃபரீபாவின் கதவைத் தட்டினாள். மேசையில் முளைவிட்ட கோதுமை, ஆப்பிள், பூண்டு, வினாகிரி, வண்ணம் தீட்டிய முட்டைகள். "இது எங்களுடைய வசந்தம்" என்றாள் ஃபரீபா. கோதுமை முளையைத் தொட்டுப் பார்த்தபடி நின்ற தேனுஜா, "அடுத்த வருஷம் உங்களுக்கு இடம் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். எப்படி என்பது அவளுக்கே தெரியாது.

படையின் கூட்டத்தில் எழுந்து கேட்டாள். ஹோல்கர் கையை விரித்தார். "அது நம் வேலை இல்லை."

"ஈஸ்டருக்கு ஊரே கூடி மூட்டுகிற பெரிய நெருப்புக்கு வருஷாவருஷம் காவல் நிற்கிறோம். அது மட்டும் நம் வேலையா? இதுவும் குளிர்காலத்தை வழியனுப்புகிற நெருப்புத்தான்."

ஹோல்கர் மோவாயைத் தடவினார். "சரி. நம் நிலையத்து முற்றமே இருக்கிறதே. நகரசபைக்கு நீயே எழுது."

எழுதினாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள், இரண்டு தடவை நேரிலும் போனாள். அடுத்த வருஷம் மாசி மாதத்தில் அனுமதி கிடைத்தது.

நவ்ரூசுக்கு முந்திய அந்தக் கடைசிச் செவ்வாய்க்கிழமை தீயணைப்பு நிலையத்து முற்றத்தில் இரும்புத் தட்டுகளில் நெருப்பு வரிசையாக எரிந்தது. ஈரானியர்கள் மட்டுமல்ல, அயலில் இருந்த ஜெர்மன் குடும்பங்களும் வந்தன. சுந்தரேஸ்வரியும் சட்டி நிறைய உழுந்து வடையோடு வந்து நின்றார். தண்ணீர்க் குழாயோடு காவல் நின்ற மகளை அவர் சீருடையில் பார்த்தது அதுதான் முதல்முறை.

ஃபரீபா ஒலிவாங்கியை எடுத்தாள். "இந்த இடத்தை வாங்கித் தந்தவர் முதலில் தாண்டட்டும்."

தேனுஜா அசையவில்லை. ஹோல்கர் வந்து குழாயைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார். "போ. நான் பார்த்துக்கொள்கிறேன்."

கனத்த காலணியோடு ஓடித் தாண்டினாள். கைதட்டல் சுவரில் மோதித் திரும்பியது. எத்தனையோ தீயை அணைத்தவளுக்கு, எரியவிட்ட தீ இவ்வளவு பெருமை தரும் என்று தெரியாது. நெஞ்சு விம்ம, தாயிடம் நடந்தாள்.

சுந்தரேஸ்வரி அவளுடைய கன்னத்தை வழித்து முத்தமிட்டார். பக்கத்தில் நின்ற ஜெர்மன்காரியின் தோளைத் தட்டி, தனக்குத் தெரிந்த ஜெர்மனில், "என் மகள்! என் மகள்!" என்றார். பிறகு கணுக்கால்வரை நீண்ட தன் குளிர்ச்சட்டையின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"என்னம்மா செய்யப்போறியள்?"

"நானும் தாண்டப்போறன்."

"சீலையோட ஏலாதம்மா, நெருப்புப் பிடிச்சிடும்!"

"ஆர் சீலை கட்டினது? வடிவாப் பார். காற்சட்டை போட்டுக்கொண்டெல்லோ வந்தனான்!"

ஃபரீபா ஓடிவந்து அவருடைய கையைப் பிடித்தாள். ஆகச் சிறிய நெருப்பாகப் பார்த்து, இரண்டு பெண்களும் ஒன்றாகத் தாண்டினார்கள்.